பழுதான ரேமைக் கண்டறிவதும் பொருத்தமான ரேமை வாங்குவதும்

கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. 2014இல் ஈரோட்டில் அசெம்பிள் செய்து வாங்கிய வீட்டுக் கணினி. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம் (கணினி வேலை செய்யும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்). வேகம் போதவில்லை என்று சென்ற ஆண்டு இன்னொரு 4 ஜிபி ரேமைப் பழையதாக வாங்கிப் போட்டிருக்கிறார். அதன்பிறகும் வேகம் கூடவில்லை. இரண்டு மாதங்களாக, பெரும்பாலும் மதிய வேளையில், நீலத்திரை வந்து கணினி தானாக அணைந்து மறுபடி எழுகிறது. சில நாள் காலையில் டிஸ்பிளே வராமல் பீப் ஒலி மட்டும் கேட்கிறது. தம் தந்தையார் கைப்பட எழுதிய கணக்கேடுகளையும் நிலப் பத்திரங்களையும் ஸ்கேன் செய்து சேர்த்துவருகிறார். அவற்றில் சில படங்கள் மேற்பாதி சரியாகவும் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாகவும் திறக்கின்றன. மதர்போர்டு போய்விட்டது, புதுக் கணினி வாங்குவதே நல்லது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். ரேமை மட்டும் மாற்றினால் போதுமா, டிடிஆர்4 ரேம் போடலாமா, எத்தனை ஜிபி வரை கூட்டலாம் என்பவை அவருடைய கேள்விகள்.

ஐயா, நீலத்திரையை விட அந்தச் சாம்பல் நிறப் படங்கள்தாம் எனக்குக் கவலை தருகின்றன. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். ஸ்கேனரிலிருந்து வரும் படம் நேராக ஹார்டு டிஸ்குக்குப் போவதில்லை. முதலில் ரேமில் வந்து தங்கி, அங்கிருந்துதான் டிஸ்கில் எழுதப்படுகிறது. ரேமின் ஏதோ ஓரிடத்தில் 1 என்று வைத்தது 0 என்று திரும்பி வந்தால், கணினி அந்தத் தவற்றையே உண்மை என்று நம்பி டிஸ்கில் எழுதிவிடும். ஜேபெக் வகைப் படத்தில் ஓர் எண் பிறழ்ந்தாலும் அந்த இடத்துக்குக் கீழே உள்ள பகுதி முழுதும் நிறம் கெட்டோ சாம்பலாகவோ போகக்கூடும். டிஸ்க் பழுதானாலும் இப்படி நேரலாம் என்பதால் ரேம்தான் காரணம் என்று இப்போதே முடிவு கட்டவில்லை. ஆனால் நீலத்திரையும் பீப் ஒலியும் சேர்ந்து வரும்போது ரேமின் மேல்தான் முதல் சந்தேகம் விழுகிறது. எனவே இன்றைக்கே ஸ்கேன் வேலையை நிறுத்திவிடுங்கள். இருக்கும் கோப்புகளைப் பத்திரப்படுத்துகிறேன் என்று இதே கணினியில் பென் டிரைவுக்கு நகல் எடுக்காதீர்கள். நகல் எடுக்கும்போதும் ஒவ்வொரு கோப்பும் அதே ரேமின் வழியாகத்தான் போய்வருகிறது, நல்ல கோப்பின் நகலும் கெட்டுப்போகலாம். அவசரமென்றால் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறொரு நல்ல கணினியில் இணைத்து நகல் எடுங்கள். கணக்கேடுகளின் மூலத் தாள்களை, எல்லாப் படங்களையும் திறந்து சரிபார்க்கும் வரை, எடுத்துக் கட்டி வைத்துவிடாதீர்கள்.

நம் வீட்டுக் கணினிகளில் இந்தத் தவறு சத்தமில்லாமல் நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சர்வர்களில் போடும் ரேமில், 64 பிட்டுக்கு (பிட் என்பது ஒரு 0 அல்லது 1) 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் பிறழ்ந்தால் அதைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஏற்பாடு இருக்கிறது. இதை இசிசி என்பார்கள். கூகுள் நிறுவனம் தன் சர்வர்களை வைத்து டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளருடன் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம்கள் பிழை காட்டியதாகத் தெரிந்தது. அவர்களுக்கு அதை எண்ணிச் சொல்ல இசிசி இருந்தது. வீட்டில் நாம் போடும் சாதாரண ரேமில் அந்தக் காவல் இல்லாததால், பழுது முற்றி நீலத்திரையாக வெளிப்படும் வரை நமக்குத் தெரிவதே இல்லை.

நீலத்திரை பெரும்பாலும் மதிய வேளையில் வருவதற்கும் ரேமின் இயல்பிலேயே விளக்கம் இருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டெனார்டு 1966இல் கண்டறிந்து 1968இல் காப்புரிமை பெற்ற முறைதான் இன்றைக்கும் ரேமில் உள்ளது: ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு நுண்ணிய மின்தேக்கி. அந்த மின்தேக்கி ஓட்டைக் குடத்தைப் போன்றது. நிரப்பி வைத்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் படித்து மறுபடி நிரப்பும் வேலை ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. சூடு ஏறினால் கசிவும் கூடும். சில்லின் வெப்பம் 85 டிகிரியைக் கடந்தால் இந்தக் கால அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பதே விதி. ஏற்கெனவே நலிந்துபோன ஒரு செல், அதாவது ஒரு பிட்டுக்குரிய அறை, காலைக் குளிர்ச்சியில் 64 மில்லி நொடி தாக்குப்பிடித்துவிடும். சித்திரை வெயிலில், தகரக் கூரையோ ஓட்டு வீடோ எதுவாயினும், மூடிய கேபினெட்டுக்குள் மதியம் மூன்று மணிக்குத் தாக்குப்பிடிக்காது. காலை ஆறு மணிக்குச் சோதித்துக் குறையொன்றும் இல்லை என்று நான் திருப்பிக் கொடுத்த ரேம், அதே நாள் பிற்பகலில் உரியவர் வீட்டில் நூற்றுக்கணக்கான பிழைகளைக் காட்டியது. அன்றிலிருந்து கணினி நன்றாகச் சூடேறிய பிறகே சோதனையைத் தொடங்குகிறேன்.

ஆனால் சோதனைக்கு முன் செய்ய வேண்டியது சுத்தம். திருப்பூர், ஈரோடு, பல்லடம், சோமனூர், குமாரபாளையம் என்று நம் பக்கத்து ஊர்களில் காற்றிலேயே பஞ்சு இருக்கிறது. அதோடு ஆடிக் காற்று கொண்டுவரும் புழுதியும் சேர்ந்துகொள்ளும். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர், வேறிடங்களில் இரண்டு முறை புது ரேம் மாற்றியும் சரியாகவில்லை என்று கணினியைக் கொண்டுவந்தார். ரேமைக் கழற்றிவிட்டு அது உட்காரும் ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, அடியில் பஞ்சு விளக்குத் திரியைப் போல முறுக்கிக்கொண்டு, விரல்நீளத்துக்கு அழுந்திக் கிடந்தது. ட்வீசரால் அதை மெல்ல இழுத்தெடுத்து, ஊதி, பிரஷ்ஷால் துடைத்து, அவர் குப்பைக்கு ஒதுக்கி வைத்திருந்த முதல் ரேமையே போட்டேன். இன்றைக்கும் அதில்தான் ஓடுகிறது. இரண்டு ரேமின் விலை அவருக்கு வீணானது.

உங்கள் கணினியிலும் இதையே முதலில் செய்யுங்கள். சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைச் சுவரிலிருந்து கழற்றி, அதன்பின் கேபினெட்டின் பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு ரேமைத் தொடுங்கள். உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் நமக்கு உறைக்காத அளவிலேயே சில்லைக் கெடுத்துவிடும். ரேமின் இருபுறத் தாழ்களையும் விலக்கி, ஓரங்களைப் பிடித்து நேராக மேலே எடுங்கள். அடியில் வரிசையாக இருக்கும் பொன்முலாம் பற்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஸ்லாட்டின் முனை உரசிய இடத்தில் மெல்லிய கோடு தெரியும். அதைச் சுற்றி மங்கலாகவோ கருமையாகவோ படிந்திருந்தால் அதுவே சில நாள் காலையில் டிஸ்பிளே வராமைக்குக் காரணமாக இருக்கலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடைத்து உலர விடுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்ப்பது நம் கடைகளில் எல்லாரும் செய்வதுதான்; ஆனால் அது பொன்முலாமைச் சிறிது சிறிதாகத் தேய்ப்பதோடு, ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்து வேறு தொல்லையும் தரும் என்பதால் நான் அதை விட்டுவிட்டேன்.

சுத்தம் செய்த பின் பயாஸுக்குள் (கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரல்) போய், எல்லாவற்றையும் அதன் இயல்பு நிலைக்குத் திருப்பிவிடுங்கள். வேகத்தைக் கூட்டும் அமைப்பு ஏதேனும் இயக்கத்தில் இருந்தால் நல்ல ரேமும் பிழை காட்டும். பிறகு மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச நிரலை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். அந்தப் பென் டிரைவை வேறு கணினியில் தயார் செய்வது நல்லது. விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனை இருக்கிறது. அது பிழை சொன்னால் நம்பலாம், பிழையில்லை என்று சொன்னால் மட்டும் நம்பிவிடக் கூடாது. மெம்டெஸ்ட் ஓடும்போது திரையில் சிவப்பு வரிகள் வந்தால் அதுவே பிழை. அந்த வரியில், எந்த முகவரியில் எதை எழுதினோம், எது திரும்பி வந்தது என்று இரண்டும் அருகருகே இருக்கும். பெரும்பாலும் ஒரே ஒரு பிட்தான் மாறியிருக்கும். ஒரு பிழைதானே என்று விட்டுவிட இடமில்லை. கணக்கில் ஒரு சுழியம் மாறினால் கணக்கே மாறிவிடுவதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிழை வரவில்லையென்றால் குறைந்தது நான்கு சுற்று ஓட விடுங்கள். ஓர் இரவு முழுவதும், அதன்பின் ஒரு பிற்பகலும் ஓடினால் இன்னும் நல்லது.

இரண்டு ரேமையும் சேர்த்துப் போட்டுச் சோதித்தால் பிழை உண்டா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும்; எதில் என்பது தெரியாது. ஆகவே ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்க வேண்டும். ரேமின் மேல் பென்சிலால் அ, ஆ என்று குறித்த சிறு காகிதத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். முதலில் அ மட்டும் முதல் ஸ்லாட்டில், பிறகு அதே அ இரண்டாம் ஸ்லாட்டில், அதேபோல் ஆ. இந்த நான்கு சோதனையின் முடிவையும் ஒரு தாளில் எழுதினால் பதில் தானாக விளங்கும். ஒரு ரேம் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை காட்டி, மற்றது எங்கும் காட்டாவிட்டால் பழுது ரேமில். இரண்டு ரேமும் குறிப்பிட்ட ஒரு ஸ்லாட்டில் மட்டும் பிழை காட்டினால் ஸ்லாட்டிலோ, அதனோடு பிராசஸர் பேசும் வழியிலோ குறை. அப்போதும் மதர்போர்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பிராசஸரின் மேலுள்ள கூலர் ஒரு பக்கம் தளர்ந்து ஒரு பக்கம் அழுந்தி உட்கார்ந்திருந்தாலும், சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும் ஒரு சேனல், அதாவது ஒரு ஸ்லாட்டுக்கான அந்த வழி, மட்டும் வேலை செய்யாமல் போகும். கூலரைக் கழற்றி, இடையே காய்ந்துபோன வெப்பப் பேஸ்டைத் துடைத்துப் புதிது தடவி, நான்கு மூலையும் சமமாக அழுந்தும்படி பொருத்தியதிலேயே ஸ்லாட் உயிர் பெற்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாக ஒரு முடிவு உண்டு. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் உங்களுக்கு இதுதான் வரும் என்று நினைக்கிறேன். தனித்தனியாக இரண்டும் தேறும், சேர்த்துப் போட்டால் மட்டும் பிழை வரும். 2014இல் வந்த ரேமும் சென்ற ஆண்டு வாங்கிய பழைய ரேமும் வெவ்வேறு நிறுவனத்தவையாகவும் வெவ்வேறு வேகத்தவையாகவும் இருக்கக்கூடும். ஒன்று 1333, மற்றது 1600 என்றிருந்தால் இரண்டும் 1333லேயே ஓட வேண்டும். பெரும்பாலான போர்டுகள் இதைத் தாமாகவே சரிசெய்துகொள்ளும், சில இடங்களில் ரேமின் டைமிங் எனப்படும் இடைவெளிக் கணக்கு ஒத்துவராமல் தடுமாறும். பயாஸில் மெமரி வேகத்தை 1333 என்று கையால் குறைத்து வைத்து மறுபடி சோதித்துப் பாருங்கள். அதில் பிழை நின்றுவிட்டால், இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் கணினியைப் பயன்படுத்தலாம்.

எல்லா நிலையிலும் பிழை வந்தால் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். தோட்டத்து வீடுகளில் கிணற்று மோட்டார் கிளம்பும்போது விளக்கு ஒரு நொடி மங்கி எழுவதைக் கவனித்திருப்பீர்கள். கணினிக்கு மின்சாரம் மாற்றித் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் நல்லதாக இருந்தால் அந்த ஒரு நொடியைத் தாங்கிக்கொள்ளும். பத்து ஆண்டு பழகி, உள்ளே மின்தேக்கிகள் காய்ந்துபோனது தாங்காது. நீலத்திரை வரும் நேரமும் மோட்டார் ஓடும் நேரமும் ஒத்துப்போகின்றனவா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டிலோ கடையிலோ நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பது இதற்கு எளிய வழி. யுபிஎஸ் பேட்டரி போய்விட்டதா, பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவும் சரியாக இருந்து பிழை மட்டும் தொடர்ந்தால்தான் மதர்போர்டு என்ற சொல்லுக்கு வர வேண்டும். உங்கள் கடைக்காரர் ரேமைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் முதலிலேயே அங்கே வந்துவிட்டார் என்பதுதான் என் வருத்தம்.

இனி வாங்குவது பற்றி. உங்களுடையது டிடிஆர்3 தலைமுறை ரேம்; டிடிஆர்4 ரேம் உங்கள் கணினியில் போடவே முடியாது. ஒவ்வொரு தலைமுறை ரேமிலும் அடிப்பற்களுக்கு நடுவே உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்3க்கு 240 பற்கள், டிடிஆர்4க்கும் டிடிஆர்5க்கும் 288. மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4க்கு 1.2, டிடிஆர்5க்கு 1.1. வெட்டு பொருந்தாவிட்டால் அழுத்திப் பார்க்காதீர்கள். அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும். டிடிஆர்3எல் என்று ஒருவகை உண்டு, அது 1.35 வோல்ட்டில் ஓடுவது, ஆனால் 1.5 வோல்ட்டையும் ஏற்கும்படி செய்யப்பட்டது, ஆகவே உங்கள் போர்டில் தயங்காமல் போடலாம். இதைத் தலைகீழாகச் செய்யக் கூடாது: 1.35 வோல்ட் மட்டும் தரும் மடிக்கணினிகளில் சாதாரண டிடிஆர்3 ஓடாது. மடிக்கணினி ரேம் குட்டையானது, உருவிலேயே வேறு என்பதால் அதை மேசைக் கணினிக்கு மாற்றிப் போட வழியில்லை.

எத்தனை ஜிபி என்பதைக் கடை அலமாரியில் இருப்பது தீர்மானிக்கக் கூடாது. மதர்போர்டும் பிராசஸரும்தான் தீர்மானிக்க வேண்டும். எச்81 சிப்செட்டில் இரண்டே ஸ்லாட், ஒவ்வொன்றிலும் 8 ஜிபி வரை, ஆக மொத்தம் 16 ஜிபி. வேகம் 1333 அல்லது 1600. இதற்கு மேல் 1866, 2133 என்று எழுதிய ரேமுக்குக் கூடுதல் விலை கொடுத்தாலும் அது 1600லேயே ஓடும். போர்டின் பெயர் அதன் மேலேயே எங்கேயாவது பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். அதை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் மெமரி பட்டியலைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ரேமின் மேல் ஒட்டிய லேபிளைப் படிக்கப் பழகிக்கொள்வது இங்கே மிகவும் பயன்படும். பிசி3-12800 என்றால் டிடிஆர்3, 1600 வேகம்; பிசி3-10600 என்றால் 1333. அந்த எண்ணுக்குப் பின்னால் வரும் ஓர் எழுத்துதான் பலரையும் ஏமாற்றியிருக்கிறது. யு என்று இருந்தால் நமக்குரியது. ஆர் என்று இருந்தால் அது சர்வருக்கான ரிஜிஸ்டர்டு ரேம்; வெட்டு ஒரே இடத்தில் இருப்பதால் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், கணினி மட்டும் எழாது. பெரிய நிறுவனங்கள் கழித்துக்கட்டிய சர்வர்களிலிருந்து வரும் இந்த ரேம்கள் மலிவாகக் கிடைப்பதால், தெரியாமலும் சில இடங்களில் தெரிந்தேயும் வீட்டுக் கணினிக்கு விற்கப்படுகின்றன. அதேபோல் ஏஎம்டி நிறுவனத்தின் பிராசஸருக்கு மட்டும் என்று எழுதிய மலிவான டிடிஆர்3 ரேம்களும் இன்டெல் போர்டில் ஓடாது. புதிதாக டிடிஆர்3 தயாரிப்பது இப்போது மிகக் குறைந்துவிட்டதால், நீங்கள் வாங்கப்போவது பெரும்பாலும் பழையதாகவோ, பழைய சில்லைப் பெயர்த்துப் புதுப் பலகையில் ஒட்டியதாகவோ இருக்கும். அதனால் பழையது என்றே சொல்லி விற்கும், பெயருள்ள நிறுவனத்தின் ரேமை நான் விரும்புவேன். கோவை காந்திபுரத்திலோ ஈரோட்டிலோ வாங்கினாலும் பில் கேளுங்கள், ஒரு வாரத்துக்குள் பிழை காட்டினால் மாற்றித் தருவதாகப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், அந்த ஒரு வாரத்தில் ஓர் இரவும் ஒரு பிற்பகலும் மெம்டெஸ்டுக்கு ஒதுக்குங்கள். லேபிள் சொல்வதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று சிபியு-இசட் என்ற இலவச நிரலில் எஸ்பிடி என்ற பக்கத்தைத் திறந்தால் தெரியும். தயாரித்த நிறுவனம், அளவு, வேகம் எல்லாம் அங்கே இருக்கும்.

ஒரே மாதிரியான இரண்டாக வாங்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது ஜோடி அழகுக்காக இல்லை. இரண்டு ஸ்லாட்டும் இரண்டு தனிச் சேனல். இரண்டிலும் சம அளவு இருந்தால் பிராசஸர் இரண்டிலிருந்தும் ஒரே சமயத்தில் எடுத்துக்கொள்ளும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத உங்கள் கணினியில் திரைக்கான வேலையையும் இதே ரேம்தான் சுமப்பதால், இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். பணம் இப்போது கையில் இல்லையென்றால் 4 ஜிபியோடு 8 ஜிபி சேர்த்து 12 ஆக்கலாம். முதல் 4ம் 4ம் ஜோடியாகவும் மீதி 4 தனியாகவும் ஓடும், ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் சோதனையில் தேறிய ரேமோடு மட்டும்தான் சேர்க்க வேண்டும்.

உங்கள் வேலைக்கு, அதாவது ஸ்கேன் செய்வது, படங்களைத் திருத்துவது, தமிழில் தட்டச்சு செய்வது, உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைப்பது ஆகியவற்றுக்கு, 8 ஜிபியே நடக்கும், 16 ஜிபி தாராளம். ரேமில் 8க்கு மேல் போடும் பணத்தில் ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்குவதையே நான் முதலில் சொல்வேன். நீங்கள் சென்ற ஆண்டு ரேம் சேர்த்தும் வேகம் கூடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய ஹார்டு டிஸ்க் சுழன்று தேடும் நேரம்தான் உங்களைக் காக்க வைக்கிறது. இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி உங்கள் போர்டில் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடும். எச்81இல் நான்கு சாட்டா இணைப்புகளில் இரண்டு மட்டுமே நொடிக்கு 6 ஜிபிட் வேகம் உடையவை. கையேட்டைப் பார்த்து அவற்றில் ஒன்றில் இணையுங்கள். எம்.2 வடிவ எஸ்எஸ்டி வாங்கிவிடாதீர்கள். அந்த ஸ்லாட் உங்கள் போர்டில் பெரும்பாலும் இருக்காது. விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 32 பிட் என்றால் 16 ஜிபி போட்டாலும் 4க்குள்தான் தெரியும். அப்படிப்பட்ட கணினிகளுக்கு ரேம் விற்றுப் பணம் வாங்கியதையும் நான் பார்த்திருக்கிறேன்.

பிராசஸரை மாற்ற நினைத்தால் அதே எல்ஜிஏ 1150 சாக்கெட்டில் உட்காரும் ஐ5-4570 பழையதாகக் கிடைக்கும், பயன் தெரியும். ஆனால் அதை இப்போது செய்யச் சொல்லமாட்டேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றை முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே இந்தக் கணினியில் ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் மேல் பணம் போடுவது வீண். லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை நிறுவிக்கொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும், தமிழிலும் எழுதலாம். பெரும்பாலான ஸ்கேனர்களும் அதில் வேலை செய்யும், உங்களுடையது செய்யுமா என்று பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுவுங்கள்.

அப்படியானால் புதிதே வாங்கிவிடலாமே என்று வீட்டில் சொல்வார்கள். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சில்லுகளை வாரிக்கொண்டு போனதால் 2025இன் கடைசி மாதங்களில் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டின் விலையும் கடுமையாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற பெயரில் செய்துவந்த சில்லறை விற்பனையிலிருந்தே விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஓடக்கூடிய கணினியை ஒதுக்கிவிட்டுப் புதிதுக்குப் போகும் நேரமாக இதை நான் கருதவில்லை.

புது ரேம் வந்ததும், முன்பு சொன்னபடி மின்சாரத்தை முழுதும் துண்டித்துவிட்டு, வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, இரு ஓரங்களிலும் கட்டை விரலால் நேராக அழுத்துங்கள். தாழ் தானாக எழுந்து வந்து 'டிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு முனை மட்டும் உட்கார்ந்து மறுமுனை தூக்கியிருக்கும் நிலையில் மின்சாரம் போட்டால் ரேம் எரிந்துபோகக்கூடும். பயாஸில் முழு அளவும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு விண்டோஸைத் திறக்காமல் நேராக மெம்டெஸ்டுக்குப் போங்கள். அதில் தேறிய பிறகு, கெட்ட ரேமோடு இரண்டு மாதம் ஓடிய விண்டோஸின் கோப்புகளும் சிதைந்திருக்கக்கூடும் என்பதால், புதிய எஸ்எஸ்டியில் இயங்குதளத்தைப் புதிதாகவே நிறுவுங்கள். பழைய ஹார்டு டிஸ்கின் உடல்நிலையை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலில் பார்த்துவிடுங்கள். அதிலும் எச்சரிக்கை இருந்தால் சாம்பல் படங்களுக்கு அதுவும் பங்காளி. கடைசியாக, இந்த இரண்டு மாதங்களில் ஸ்கேன் செய்த படங்களைத் தேதிவாரியாக ஒவ்வொன்றாகத் திறந்து கடைசி வரி வரை பாருங்கள். சிறு படமாகப் பார்த்தால் பழுது தெரியாது. கெட்டவற்றை மட்டும் குறித்துக்கொண்டு, அந்தத் தாள்களை மீண்டும் ஸ்கேன் செய்து, ஒரு நகலை இந்தக் கணினியிலும் ஒரு நகலை வீட்டுக்கு வெளியே மகனிடமோ மகளிடமோ இருக்கும் வேறொரு டிஸ்கிலும் வையுங்கள்.

நான்கு சோதனையின் முடிவையும், போர்டின் பெயரையும், இரண்டு ரேமின் லேபிளில் உள்ள முழு எழுத்துகளையும் எழுதி அனுப்புங்கள், ஐயா. பழுது ரேமில் இல்லை என்று தெரியவந்தால் எஸ்எம்பிஎஸ்ஸில் எந்த நிற ஒயரில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், எப்படி அளப்பது என்பதை அடுத்து எழுதுகிறேன்.